ஆளை இறக்கினால் சத்தம் நிற்கும்

பீப்... பீப்... பீப்...

மேஜைக்கு அடியில் மண்டியிட்டிருந்த மெக்கானிக், ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மூன்று நீளச் சத்தம், சின்ன இடைவெளி, மறுபடி மூன்று. தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்; கம்ப்யூட்டர் திரையில் ஒன்றுமே வரவில்லை. அவருடைய வழுக்கைத் தலைதான் அதில் மங்கலாகத் தெரிந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றார் பெட்டியைப் பார்த்து.

பண்ணியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு அவர் மனைவி டீச்சர், கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி வீட்டுத் தோழியிடம் கிளம்பும்போது, வாசலில் நின்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இன்னிக்கு நாலு மணிக்குப் பதிப்பகத்துலேர்ந்து ஆள் வர்றாங்க. புத்தகம் மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு வருஷ உழைப்புங்க. அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க, சொல்லிட்டேன்."

"நான் ஏம்மா அது பக்கம் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

இல்லை. அதுதான் இந்தக் கதையின் தொல்லையே. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. முதல் வருஷம் மிக்ஸியைக் கழற்றினார். அது பின்பக்கமாகச் சுற்றியது. இஸ்திரிப் பெட்டியைக் கழற்றினார்; அது குளிர்ந்தே போய்விட்டது. வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டியபோது, அது துணியைத் துவைத்துக்கொண்டே குளியலறையிலிருந்து கூடம் வரை நடந்து வந்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மறுநாளே புது மெஷின் வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. பழுப்பேறிய, மூட்டைபோல் கனக்கிற பெட்டி. குழந்தைகளுக்குச் செடிகொடிகளைப் பற்றி டீச்சர் எழுதும் புத்தகத்துக்காக வாங்கியது. வந்த நாளிலிருந்து அதற்கு வாரம் ஒரு சீக்கு. மெக்கானிக்கும் வாரம் ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்துவிடுவார். பாகம் ஏதாவது தேவைப்பட்டால் பழைய சாமான் கடைக்கு டீச்சர்தான் போவார். "உங்களுக்கு முட்டி வலி, நீங்க அலையாதீங்க" என்பார். எவ்வளவு அக்கறை பாருங்கள்! இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் வேறெந்தச் சாமானும் பழுதானதில்லை. தனக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று மெக்கானிக்கே நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு உண்மையிலேயே தொடக்கூடாது என்றுதான் இருந்தார். ஒன்பதரை மணிவரை இருந்தார். சும்மா போட்டுப் பார்த்தபோது, உள்ளே விசிறி முனகியது.

முனகினால் கிரீஸ் வைக்க வேண்டும். லிஃப்ட்டுக்கு அதுதான் வைத்தியம். வைத்தார், தாராளமாகவே வைத்தார். முனகல் நின்றது. இந்தப் பீப் ஆரம்பித்தது.

லிஃப்ட்டில் பீப் அடித்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாததா? ஓவர்லோடு. ஆள் அதிகம். யாராவது ஒருவரை இறக்கினால் சத்தம் நின்றுவிடும்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பச்சைப் பலகையில் இரண்டு மெமரி அட்டைகள் தோளோடு தோள் உரசி நின்றன. ஒன்றை இறக்கினார்.

பீப் இன்னும் நீளமாக அடித்தது.

"அப்பவும் தாங்கலையா?" என்று இன்னொன்றையும் இறக்கினார். சத்தம் இடைவெளியே இல்லாமல் அலறியது. சிடி போடும் தட்டை இறக்கினார். அதன் பக்கத்தில் செங்கல்போலக் கனத்துக் கிடந்த டிஸ்க்கையும் இறக்கினார். இப்போது பெட்டிக்குள் இறக்க ஆளே இல்லை. அலறல் மட்டும் நிற்கவில்லை.

மணி பதினொன்று. மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சானுக்கு போன் போட்டார். டீச்சரின் தம்பி. ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். ஆகவே குடும்பத்தில் கணினி நிபுணன்.

"மச்சான், உங்க அக்கா புத்தகத்தைக் கொன்னுட்டேன்டா!"

"அத்தான், பதறாதீங்க. என்ன சத்தம் அங்க? குழந்தை அழுவுதா?"

"கம்ப்யூட்டர் அழுவுது!"

மெக்கானிக் நடந்ததையெல்லாம் சொன்னார். "ஓவர்லோடா?" என்றான் மச்சான். "அத்தான், மெமரியே இல்லைன்னுதான் அது கத்துது. நீங்க இன்னும் கழட்டிக் கழட்டி வெச்சா? பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்குல்ல, அதை எடுத்து அந்த அட்டையோட தங்க நிறப் பல்லை எல்லாம் நல்லா தேய்ச்சு, திரும்ப மாட்டுங்க."

தேய்த்தார். பொன்போலத் தேய்த்தார். மாட்டினார். பீப் நின்றது!

போன உயிர் திரும்பி வந்தது மெக்கானிக்குக்கு. அதோடு விட்டிருந்தால் அவர் பாதி பிழைத்திருப்பார். ஆனால் பலகையில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி கண்ணில் பட்டது. பழையதாகத் தெரிந்தது. எடை பார்க்கும் மெஷினிலிருந்து புதியதை எடுத்து இதில் மாட்டிவிட்டு, இதை அதில் போட்டார். இப்போது திரையில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, தேதி: 2002, ஜனவரி ஒன்று. இன்னொன்று: கீபோர்டு இணைக்கப்படவில்லை, தொடர எஃப் ஒன் பொத்தானை அழுத்தவும்.

மெக்கானிக் அதை மூன்று தடவை படித்தார்.

"கீபோர்டே இல்லைங்குற, அப்புறம் எதைடா நான் அழுத்துறது?"

கீபோர்டு வயர் கழன்று தொங்கியது. பெட்டியின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு வட்டத் துளைகள், கீபோர்டுக்கு ஊதாவில் ஒன்று, மவுஸுக்குப் பச்சையில் ஒன்று. மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவர் பச்சையைத் தேர்ந்தெடுத்தார். தலைகீழாகப் பிடித்திருந்ததால் உள்ளே போகவில்லை. லிஃப்ட் கதவு சிக்கிக்கொண்டால் தோளால் இடித்து வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். அதே முறையைக் கையாண்டார். உள்ளே போனது. ஒரு முள் வளைந்தது, இன்னொன்று உடைந்தது.

மறுபடி போன் போனதும், மத்தியானம் ஒரு மணிக்கு மச்சான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அக்குளில் வேறொரு பழைய கீபோர்டுடன் வந்து சேர்ந்தான். கூடத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டான். தரை முழுக்கத் திருகாணிகள், வயர்கள், கிரீஸ் டப்பா. நடுவே, நெற்றியில் கிரீஸுடன் அத்தான்.

"ரெண்டாயிரத்து ரெண்டுன்னு காட்டுது மச்சான்."

"காட்டட்டும் அத்தான். அப்போ உங்களுக்கு முடி இருந்துச்சு."

"நக்கலா பண்ற? உங்க அக்கா என்னை வீட்டைவிட்டே துரத்தப் போறா!"

இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கடைசியில் நான்கு திருகாணி மிஞ்சியது. மெக்கானிக் யாரும் பார்க்காதபோது அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியைப் போட்டதும் தான் கொண்டுவந்த கீபோர்டில் எஃப் ஒன் அழுத்தினான் மச்சான். திரை யோசித்தது. டிஸ்க்குக்குள்ளிருந்து டக், டக், டக் என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. பிறகு வெள்ளை எழுத்தில் ஒரே வரி வந்தது. டிஸ்க் கிடைக்கவில்லையாம்.

"அத்தான், இதை எங்கயாவது கீழ போட்டீங்களா?"

"கீழ எல்லாம் போடலை. என் காலு மேலதான் விழுந்துச்சு."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. நிபுணர்களின் முகம் மலரும்போதுதான் நாம் பயப்பட வேண்டும்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லிருக்கார். டக் டக்னு அடிக்கிற டிஸ்க்கைப் பாலிதீன் பையில சுத்தி ஃப்ரீசர்ல வெச்சா, கொஞ்ச நேரம் உயிர் வருமாம். அந்தக் கேப்புல புத்தகத்தைக் காப்பி பண்ணிரலாம்."

ஆயிரக்கணக்கானவர்களை மேலும் கீழும் கொண்டுபோன மனிதர், மனைவியின் இரண்டு வருஷ உழைப்பை ஐஸ் கட்டித் தட்டுக்கும் பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே வைத்து ஃப்ரீசர் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, சாயந்திரம் அது முன்னாடி உட்காருவாடா உங்க அக்கா. ஒரு இலையைப் பத்தி எழுதறதுக்கு அந்த இலையை எதிர்ல வெச்சுக்குவா" என்றார். "பிள்ளைங்க படிச்சுட்டு ஒரு செடியையாவது திரும்பிப் பார்க்கணும்னு சொல்லிட்டே இருப்பா. நான் அதுல போய் கிரீஸைத் தடவிட்டேனே."

"விடுங்க அத்தான். அக்கா உங்களை ஒண்ணும் சொல்லாது."

"அதுதாண்டா எனக்குப் பயமா இருக்கு."

மூன்றே முக்கால் மணிக்கு டிஸ்க்கை வெளியே எடுத்தார்கள். பையின் ஓட்டை வழியே பனி உள்ளே போய், டிஸ்க் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. மச்சான் கைக்குட்டையால் ஒற்றினான். மெக்கானிக் மாட்டினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்கள்.

படார்!

பெட்டியிலிருந்து ஒரு கீற்றுப் புகை எழுந்தது. மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, மாடியில் யாரோ "ஐயோ, கரண்டு!" என்று கத்தினார்கள்.

ஃப்யூஸ் போடுவது மெக்கானிக்குக்கு இரண்டு நிமிஷ வேலை. அன்றைக்கு அவர் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அவர் ஏணியிலிருந்து இறங்கவும் டீச்சர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. கூடவே பதிப்பகத்துப் பெண்மணியும் வந்திருந்தார். புகை வாசனை வீடெங்கும் இருந்தது. மச்சான் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டான்.

மெக்கானிக் மென்று விழுங்கவில்லை. "நான்தாம்மா. நீ அவ்வளவு சொல்லியும் தொட்டேன். உன் புத்தகம் போச்சு. என்னை என்ன வேணா திட்டு" என்றார். கண் கலங்கிவிட்டது.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். கிரீஸைப் பார்த்தார். கணவரின் நெற்றியைப் பார்த்தார். பிறகு முந்தானையால் அந்த நெற்றியைத் துடைத்துவிட்டு, தோள்பையைத் திறந்து தடிமனான ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பதிப்பகத்துப் பெண்மணியிடம் நீட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், சுத்தமாக அச்சடித்தது.

"ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேங்க" என்றார் கணவரிடம், சாதாரணமாக. "நீங்க சாப்பிட்டீங்களா?"

என்ன முன்யோசனை! என்ன பொறுமை! இப்படியொரு பெண் தனக்கு வாய்த்தாளே என்று நெஞ்சு நிறைந்துபோய், மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்து டீச்சர் கையிலேயே கொடுத்தார். கூடவே சட்டைப் பையிலிருந்த நான்கு திருகாணியையும் கொடுத்தார்.

"இனிமே இந்த வீட்டுல எதையும் கழட்ட மாட்டேன். சத்தியம்!"

டீச்சரின் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. "ஏங்க, அப்படியெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க" என்று அவசரமாக ஸ்க்ரூடிரைவரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, விருந்தாளிக்கு டீ போட உள்ளே அழைத்துப் போனார். சமையலறையிலிருந்து மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தார். தோளில் ஒரு பழுப்புப் பெட்டியுடன், வேர்த்து விறுவிறுத்து ஓர் ஆள் நின்றார்.

"டீச்சரம்மா வீடுதானே? பழைய சாமான் கடையிலேர்ந்து வர்றேன். கரண்டு போனதுமே டீச்சரம்மா போன் பண்ணிட்டாங்க." கிரீஸ் கறையையும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையும் மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருண்ணே?"

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா? "லிஃப்ட் மெக்கானிக்" என்றார்.

"அப்படியா, நல்லதாப் போச்சு" என்று பெட்டியை இறக்கி வைத்த கடைக்காரர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "டீச்சரம்மாகிட்ட மட்டும் தனியா சொல்லிருங்கண்ணே. போன தடவை நல்லா ஓடுற பெட்டியா குடுத்துட்டோம், அதான் ரெண்டே வருஷத்துல முடிஞ்சுபோச்சு. இதுல நாங்களே மூணு எடத்துல கெடுத்து வெச்சிருக்கோம், அவங்க வீட்டுக்காரருக்கு எப்படியும் நாலு வருஷம் தாங்கும். வழக்கம்போல 'தொடாதீங்க'ன்னு மட்டும் சொல்லி வெச்சா போதும், மாடி வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்கிற அவங்க லேப்டாப் பக்கம் மனுஷன் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாரு!"