காலிப் பெட்டியும் நூற்றுக்கு நூறும்

ஒரு காட்டில், புலிகளைவிட லாரிகள் பெருத்துப்போன ஒரு நெடுஞ்சாலைக் காட்டில், அஞ்சுகம் என்றொரு கீரி இருந்தாள். லாரி ஓட்டிவரும் கரடிகளிடம் உடம்பை விற்றுப் பிழைக்கும் மரநாய், முயல், மிளா என்று அறுபது பேருக்கு அவள்தான் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் சகதோழி, அதாவது கூட இருந்தே பாடம் சொல்பவள். முன்பு அவளும் அதே தொழிலில் இருந்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று படம் காட்டுவாள். பிறகு புளியமரத்தில் தொங்கும் பெட்டியைத் திறந்து ஆணுறைகளை அள்ளிக் கொடுப்பாள். படத்தை அவர்கள் மரியாதைக்காகப் பார்த்தார்கள். வந்ததென்னவோ பெட்டிக்காகத்தான்.

அந்தப் பெட்டி நான்கு மாதமாகக் காலி. தலைமை அலுவலகத்திலிருந்து சுவரொட்டிகள் மட்டும் மாதம் தவறாமல் வந்து இறங்கின. காட்டாடுகள் அவற்றைத் தின்று நன்றாகக் கொழுத்தன. விழிப்புணர்வு யார் வயிற்றுக்குள்ளாவது போய்ச் சேர்ந்ததே என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து மதிப்பீடு வந்தது. நடத்தை மாற்றத் தகவல்தொடர்பின் விளைவை அளக்க ஒரு கொக்கு வரப்போவதாகக் கடிதம். கடிதத்தைப் பார்த்ததும் திட்ட அதிகாரியான தணிகாசலம் என்ற நரி ஒத்திகைக்கு நாள் குறித்துவிட்டார். கேள்வித்தாள் எப்படியோ அவர் கைக்கு முன்னாடியே வந்துவிடும். அது அங்கே வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"சார், பெட்டி காலின்னு அவர்கிட்ட சொல்லிடலாம் சார். பாவம், வெறுங்கையோட போறாளுங்க" என்றாள் அஞ்சுகம்.

"தாராளமாச் சொல்லும்மா. யாரும் பயன்படுத்தலன்னு எழுதுவார். நடத்தை மாறலன்னு எழுதுவார். திட்டத்தையே இழுத்து மூடுவாங்க. அப்புறம் உன் பெட்டிய யாரு ரொப்புவா? மார்க்கு வரட்டும், லோடு தானா வரும்" என்றார் நரி.

அஞ்சுகத்துக்கு அது நியாயமாகப் பட்டது. அதுதான் அவள் செய்த தப்பு. ஒரு வாரம் டீயும் வடையும் கொடுத்து அறுபது பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். பதினேழாவது கேள்வி: கடந்த முப்பது நாட்களில் ஆணுறை பயன்படுத்தினீர்களா? பதில்: எப்பவும்.

பவுனு என்ற மிளா மட்டும் முகத்தைச் சுளித்தாள். இரண்டு குட்டிகளைத் தனியாக வளர்ப்பவள். "இல்லாததை எப்பவும் போட்டோம்னு எப்படிக்கா சொல்றது?"

"பெட்டி ரொம்பணுமா வேணாமா?"

"சரிக்கா, உனக்காகச் சொல்றேன்."

கொக்கு வந்தார். ஒற்றைக்காலில் நின்று அறுபத்துநான்கு கேள்விகள் கேட்டார். எல்லாரும் ஒரே மூச்சில் "எப்பவும்" என்றார்கள். பதற்றத்தில் ஒரு முயல், பெயரைக் கேட்டதற்கே "எப்பவும்" என்றது. உற்சாகமான பங்கேற்பு என்று கொக்கு குறித்துக்கொண்டார்.

அவர் கிளம்பும்போது அஞ்சுகத்துக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, பெட்டி நாலு மாசமா காலிங்கய்யா" என்று சொல்லிவிட்டாள். நரி இருமினார்.

"அது விநியோகம், அம்மா. நான் வந்தது நடத்தைக்கு" என்றார் கொக்கு. ஆனாலும் நேர்மையானவர். பெட்டியை எட்டிப் பார்த்து அதையும் எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்த அன்று நரி எல்லாரையும் கூட்டி உரக்கப் படித்தார். நூற்றுக்கு நூறு. 'நான்கு மாதம் ஆணுறை வழங்கப்படாத நிலையிலும் அனைவரும் எப்போதும் அதைப் பயன்படுத்தியுள்ளனர். செய்தி அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. எனவே இனி ஆணுறை வழங்கத் தேவையில்லை. சுவரொட்டிகளை இரட்டிப்பாக்கலாம்.' எல்லாரும் கைதட்டினார்கள். காட்டாடுகள் இன்னும் பலமாகத் தட்டின. அஞ்சுகம் மட்டும் கைகளைத் தூக்கவே இல்லை.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை வண்டி வந்தது. பவுனு ஒரு சீட்டோடு அஞ்சுகத்தைத் தேடி வந்தாள்.

"அக்கா, எனக்கு இருக்காம். நான் எல்லாத்துக்கும் சரியாத்தானேக்கா பதில் சொன்னேன்?"

அஞ்சுகம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மாத்திரை இருக்குடி. விடாம சாப்பிட்டா குட்டிங்கள நீயே வளத்து ஆளாக்குவ" என்றாள். அது உண்மைதான். கூடவே போய் மருத்துவமனை வரிசையிலும் நின்றாள்.

விஷயம் கொக்கின் காதுக்கும் எட்டியது. பொறுப்புள்ளவர் அல்லவா, உடனே திருத்த அறிக்கை அனுப்பினார்: 'பவுனுவின் வாய்மொழியும் ரத்தமும் முரண்படுகின்றன. வாய்மொழி மற்ற ஐம்பத்தொன்பது பேருடனும் ஒத்துப்போவதால், ரத்தம் நீக்கப்படுகிறது.'

நீதி: 'எப்பவும்' என்று படிவத்தில் சொன்னவருக்கு நோய் வராது. வந்தால், அது நோயின் தவறு.