கீழ்த்தாடையில் ஒரு மாடு

"போவைன்னா என்ன நானா?" என்று கேட்டார் செல்லையா.

ஆணி நிறுத்துக்கொண்டிருந்த பக்கத்து ஹார்ட்வெயார் கடை இத்ரூஸ் நானா தராசை விட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செல்லையா நீட்டியது பல் கிளினிக்கில் கொடுத்த அட்டை. அதன் மூலையில் ஆங்கிலத்தில் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

"மாடு," என்றார் இத்ரூஸ்.

"எது மாடு?"

"இந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாடு. அடுத்த சொல் எலும்பு. மாட்டெலும்புத் தூள். இது எந்தச் சாமான்ல ஒட்டி ஈந்திச்சு?"

செல்லையா வலது கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

இத்ரூஸ் அட்டையையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வாயா ஈந்தா முதல்ல எந்த மிருகம்னு கேட்டிருப்பேன். நீங்க கேக்கல்லயா?"

கேட்கவில்லை. மாத்தளை டவுனில் பள்ளிக்கூடப் புத்தகம் விற்கும் செல்லையாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முட்டை போட்ட கேக் என்றால்கூட விலகிப் போகிறவர். பதினொரு வருஷமாக அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறவர் அவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் கட்டவேண்டும்.

இரண்டு வருஷமாக ஈறில் இரத்தம் கசிந்து, கடைசியில் கீழ் வரிசைப் பற்கள் மூன்று ஆட ஆரம்பித்தன. டொக்டர் உதயராஜ் எக்ஸ்ரேயைக் காட்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை நோய் தின்றுவிட்டது என்றார். ஈறைத் திறந்து, சுத்தம் பண்ணி, பள்ளத்தில் ஒரு தூளை நிரப்பித் தைத்தால் ஆறேழு மாதத்தில் எலும்பு திரும்ப வளரும் என்றும் சொன்னார்.

"எதையாவது போடுங்க டொக்டர். பல்லு நின்னா சரி," என்று சொல்லி, நாலு பக்கச் சம்மதப் பாரத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டவர் செல்லையாதான். அது திங்கட்கிழமை. இன்று புதன்.

கடைக்குத் திரும்பி கிளினிக்குக்குப் போன் பண்ணினார். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. சத்தமாகவே பேசவேண்டி வந்தது.

"தங்கச்சி, அந்த மாட்டை வெளிய எடுத்திறலாமா?"

"எந்த மாடு அங்கிள்?" என்றாள் நர்ஸ் றிப்கா.

"என் வாய்க்குள்ள போன மாடு."

"அதெல்லாம் எடுக்கேலாது அங்கிள். அது உங்களோட சேந்திரும். கை வைக்காதீங்க, கொப்புளிக்காதீங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கோயில் மகளிர் சபைச் செயலாளர் நிரஞ்சனி பின்னால் நின்றாள். கையில் மகனுக்கு வாங்க எடுத்த அப்பியாசக் கொப்பிகள். அவள் அவற்றை மெதுவாக மேசையில் வைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே வெளியே போனாள்.

செல்லையா பஸ் ஏறி உக்குவளை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மனைவி அழகாயி கேட்டுக்குள் நின்றாள். கேட் பூட்டியிருந்தது.

"வாயைத் திறங்க."

"திறக்க முடியாது. தையல் போட்டிருக்கு."

"மாட்டிறைச்சி சாப்பிட்டீங்களாமே. எந்தக் கடையில?"

உண்மையைச் சொல்லிவிட்டால் நிலைமை சரியாகிவிடும் என்று செல்லையா நம்பினார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். இறைச்சி இல்லை, எலும்பு. சாப்பிடவில்லை, ஈறுக்குள் வைத்துத் தைத்தது. தெரிந்து செய்யவில்லை, தெரியாமல் நடந்தது.

அழகாயி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்பிட்டிருந்தாக்கூட ரெண்டு நாள்ல போயிருக்கும்," என்றாள் சன்னமான குரலில். "இது உள்ளுக்கே குடியிருக்கே."

அன்றிலிருந்து செல்லையாவின் தட்டும் டம்ளரும் வெளியே தண்ணீர்க் குழாயடிக்குப் போயின. சாமியறைக் கதவு சாத்தப்பட்டது. அவர் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் அழகாயி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வாடை அடிக்குது."

"அது சுத்தம் பண்ணின தூள் புள்ள. ஒரு வாடையும் இல்ல."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த மாதிரி ஒண்ணு பக்கத்துல வந்தாலே எனக்குக் குமட்டும். பிறவியிலேயே அப்படி."

வியாழக்கிழமை காலை அவளே கோயில் குருக்களுக்குப் போன் போட்டாள். குருக்கள் நெடுநேரம் யோசித்தார். அவருடைய அனுபவத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. கடைசியில், பஞ்சகவ்வியம் கொடுத்தால் தீட்டு நீங்கும் என்றார்.

பால், தயிர், நெய் வீட்டில் இருந்தன. சாணமும் கோமியமும் வாங்கப் பல்லேபொலைக்குத் திரீவீல் ஆட்டோ போனது. ஐந்தையும் கலந்து கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள் அழகாயி.

செல்லையா கிண்ணத்தைப் பார்த்தார். "மாட்டுக்குப் பரிகாரம் மாடா?"

"பேசாமக் குடிங்க."

கொப்புளிக்கவேண்டாம் என்று றிப்கா சொன்னது நினைவுக்கு வந்தது. காப்புக் கட்டும் ஞாயிற்றுக்கிழமையும் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று, ஒரு வாய் கொப்புளித்தும் விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வலது கன்னம் பலாச்சுளை போல வீங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அந்த முகத்தோடு கடை திறக்கப் போனார். வழியில் பஸ் ஸ்டாண்ட் ஓரமாக ஒரு பசு நின்று அவரையே பார்த்தது. செல்லையா தலையைக் குனிந்துகொண்டு சாலையைக் கடந்தார்.

பத்து மணிக்குக் கோயில் சபைத் தலைவர் போன் பண்ணினார். மரியாதையாகத்தான் பேசினார். உடம்பு சரியில்லாதவரைச் சிரமப்படுத்த விரும்பவில்லையாம். இந்த வருஷம் காப்பை வேறொருவருக்குக் கட்டலாமாம்.

கடைக்குப் பின்னால் கொப்பிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த செல்லையாவை இத்ரூஸ்தான் வந்து கண்டெடுத்தார். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காச்சலும் அடிக்கிது போல," என்றார் இத்ரூஸ். "டொக்டர்க்கிட்ட போங்க. கோயில் விஷயம் பொறகு."

"எடுக்கச் சொல்லப் போறேன் நானா. பல்லு போனாப் போகட்டும். பதினொரு வருஷம்."

அழகாயியும் கூடவே வந்தாள். கணவரை நம்பி விட்டால் மறுபடியும் எதையாவது வைத்துத் தைத்துக்கொண்டு வந்துவிடுவார் என்பது அவள் பயம். கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் உட்காராமல், கதவோரம் மூக்கைப் பொத்தியபடி நின்றாள். மருந்துத் தட்டோடு போய்வந்த றிப்கா, போகும்போதும் வரும்போதும் அவளையே பார்த்தாள்.

டொக்டர் உதயராஜ் வாயைத் திறந்து பார்த்துத் திகைத்துப்போனார்.

"இது என்ன பச்சையா?"

செல்லையா சொன்னார். டொக்டர் கையுறையை மாற்றி, காயத்தை மெதுவாகக் கழுவி, மருந்து வைத்தார். தையல் பிரியவில்லை, உள்ளே தூளும் அசையவில்லை என்றார்.

"நல்லதாப் போச்சு. அதை இப்பவே எடுத்திருங்க," என்றாள் அழகாயி கதவோரத்திலிருந்து.

"அம்மா, அது கடுஞ்சூட்டுல சுட்ட தூள். இறைச்சி, கொழுப்பு ஒண்ணும் அதுல இல்ல. கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரித்தான். அதைப் பிடிச்சிக்கிட்டு ஐயாவோட சொந்த எலும்பு வளரும். இப்ப எடுத்தா மூணு பல்லும் சேந்து வந்திரும்."

"வரட்டும். பல்லில்லாதவரோட குடித்தனம் நடத்தலாம். இதோட முடியாது. மூணு நாளா வீடு முழுக்க வாடை. எனக்குத் தூக்கமே இல்ல."

டொக்டர் செல்லையாவைப் பார்த்தார். செல்லையா நாக்கால் அந்த மூன்று பற்களையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எடுங்க டொக்டர்," என்றார்.

அதற்கும் ஒரு பாரம் இருந்தது. இந்த முறை செல்லையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டொக்டரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாலு பக்கமும் முடிந்தது. கண் கலங்கியது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

பேனாவைக் கொடுத்த றிப்காவின் முகம் திடீரென்று மலர்ந்தது. கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இப்பதான் ஞாபகம் வருது அம்மா, நான் கண்டி கிளினிக்ல வேலை செய்யக்குள்ள நீங்க மக வீட்டுல ஈந்து வருவீங்களே, நாலு வருஷத்துக்கு முந்தி உங்களுக்கும் மேல் வரிசையில இதே தூள்தானே வச்சோம், இப்ப பல்லெல்லாம் நல்லா இறுகி ஈக்கிதா?"