சோழப் படை குப்புறப் படுத்த நாள்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு போரில்தான் கலந்துகொண்டிருக்கிறேன். தோற்க வேண்டிய போர் அது. தோற்பதற்கென்றே இருபது நாள் ஒத்திகை பார்த்தேன். ஆனாலும் ஜெயித்துத் தொலைத்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு இவ்வளவு கேவலம் வரும் என்று எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்தைந்து. பட்டாபிராமில் வாடகை வீடு, அம்மா, ஒரு சைக்கிள், சட்டைப் பையில் ஒரு சீப்பு. (கண்ணாடி எங்கே இருந்தாலும் நின்றுவிடுவேன். நின்றிருந்த பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தலை வாரி, டிரைவரிடம் நல்ல தமிழில் திட்டு வாங்கியிருக்கிறேன்.)

அதே தொழிற்சாலையில் ஃபோர்மேன் மாணிக்கம். ஆறடி உயரம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குப் புனிதா என்று ஒரு மகள். தட்டச்சு வகுப்புக்குப் போக அவள் ஸ்டேஷனுக்கு வருகிற நேரம் எனக்கு மனப்பாடம். எத்தனை நாளைக்குத்தான் ரயிலை விட்டுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போவது? அம்மாவிடம் சொன்னேன். அம்மா பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நேரே போய்ப் பெண் கேட்டுவிட்டாள்.

மாணிக்கம் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "பையன் நல்லவனாத்தான் கீறான். ஆனா நாலு பேரு மத்தியில எப்டி நடந்துக்கிறான்னு பாக்கணும் தங்கச்சி. காணும் பொங்கல் வரிக்கும் டைம் குடு" என்றாராம்.

காணும் பொங்கல் வரைக்கும் ஏன் என்பது மறுநாள் தெரிந்தது. தொழிற்சாலைக் குடியிருப்போர் மன்றம் அந்த வருஷம் பருத்திப்பட்டு ஏரிக்கரை மைதானத்தில் சோழ பாண்டியப் போரை நடத்திக் காட்டுவதாக முடிவு செய்திருந்தது. மேடை நாடகம் இல்லை. திறந்த வெளியில், ஆளுக்கொரு வாளோடு, அறுபது தொழிலாளர்கள். சோழ மன்னர், மாணிக்கம். பாண்டிய மன்னன் யார் என்று கேட்டதற்கு அவர் என் பக்கம் கை காட்டினார்.

"சண்டையில தோக்கறது சும்மா இல்ல நைனா. தோக்கறதுலயும் ஒரு மரியாத வேணும். கடைசில என் கால்ல உழறப்போ, பாக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்" என்றார்.

ஒத்திகையில் அவர் காலில் எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் புனிதாவை நினைத்துக்கொண்டுதான் விழுந்தேன். மனதார விழுந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மாணிக்கத்துக்குத் தொழிற்சாலையில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, விமானத் தாக்குதல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ட்ரில் எடுப்பார். பழைய சண்டைக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம். சண்டை முடிந்த பிறகு நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை. டேப்பில் பதிந்து வைத்த விமான இரைச்சலை ஒலிபெருக்கியில் போடுவார். கேட்ட கணமே குப்புற விழ வேண்டும். இரண்டு காதையும் விரலால் அடைக்க வேண்டும். பல்லுக்கு நடுவே துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். மாணிக்கம் விசில் ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது. "யோசிக்கக் கூடாது. யோசிச்சா செத்த. உழு!" என்பது அவருடைய உபதேசம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்வர் சொல்லித்தான். அன்வர் என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன், பூந்தமல்லிக்காரன், தங்கமான நண்பன். நான் எட்டு மாதத்தில் ஒரு ட்ரில்லுக்கும் போனதில்லை. சனிக்கிழமைதான் நான் இஸ்திரி போட்ட வெள்ளைப் பேன்ட் போடுகிற நாள். அதோடு யாராவது மண்ணில் விழுவார்களா? ட்ரில் நேரத்தில் நான் கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருப்பேன். அன்வர் விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, பதிவேட்டில் அவன் கையெழுத்தையும் போட்டு என் கையெழுத்தையும் போட்டுவிடுவான்.

காணும் பொங்கல் வந்தது. ஏரிக்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய கவசம், பிளைவுட்டில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய வாள், கம்பளி நூலில் தாடி. அன்வர் என் சேனாதிபதி. மன்றத்துச் செயலாளர் ஒரு மேஜையில் மைக் வைத்து, எழுதி வந்த வர்ணனையைச் செந்தமிழில் முழங்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் புனிதா, பச்சைத் தாவணியில். கிரீடத்தை மூன்று தடவை சரி செய்துகொண்டேன்.

போர் பிரமாதமாக நடந்தது. என் ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுந்து, உடனே எழுந்து ஓரமாகப் போய் வேறு தலைப்பாகை கட்டிக்கொண்டு மறுபடி சண்டைக்கு வந்தார்கள். (ஆள் பற்றாக்குறை.) கடைசிக் கட்டம். நானும் மாணிக்கமும் நேருக்கு நேர். சாவதற்கு முன் எனக்கு ஒரே ஒரு வசனம் உண்டு. வாளை ஓங்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "சோழனே! என் குரல் கேட்டே உன் சேனை மண்ணைக் கவ்வும் பார்!"

சொல்லி வாய் மூடவில்லை. ஏரிப் பக்கமிருந்து மூன்று ராணுவ விமானங்கள், குடியரசு தின ஒத்திகையோ என்னவோ, பனை உயரத்துக்குத் தாழ்ந்து வந்தன. இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல், கவசத்து டின்னெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. நான் இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பக்கத்தில் விமானம் பார்த்ததில்லை. வயிற்றில் பெயர் எழுதியிருந்தால் படித்திருக்கலாம். விமானங்கள் பட்டாபிராம் பக்கம் போய் மறைந்தபிறகு தலையைக் குனிந்து பார்த்தேன்.

சோழ சேனை முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தது. என் பாண்டிய சேனையும் கிடந்தது. பார்க்க வந்த கூட்டத்திலும் ஆண்களெல்லாம் கிடந்தார்கள், அத்தனை பேரும் தொழிற்சாலை ஆட்கள். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மேஜைக்கு அடியில் கிடந்தார். மனிதர் மைக்கை மட்டும் விடவில்லை. என் காலடியில், பட்டு அங்கவஸ்திரத்தின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காதை அடைத்தபடி சோழ மகாராஜா மாணிக்கம் படுத்திருந்தார்.

அந்த நேரத்தில் என் மூளையில் ஓடியதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ட்ரில் ஞாபகமே வரவில்லை. ஒரு ட்ரில்லுக்காவது போயிருந்தால்தானே. என் வசனம் பலித்துவிட்டது என்று ஒரு கணம், ஒரே கணம், நிஜமாகவே நம்பினேன்.

அப்போது பார்த்தா ஒரு போட்டோக்காரர் ஓடி வர வேண்டும்? கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். தொழிற்சாலை ஆள் இல்லை, அதனால் அவரும் விழவில்லை. "ஹீரோ சார்! அப்டியே நில்லு! வாள மேல தூக்கு! காலத் தூக்கி அவுரு மேல வெய்யி சார், சூப்பரா இருக்கும்!"

கேமரா என்று ஒன்றைக் கண்டால் நான் யார் சொன்னாலும் கேட்பேன். காலைத் தூக்கி மாணிக்கத்தின் முதுகில் வைத்தேன். கவசத்து டின் "டொய்ங்" என்றது. லேசாகச் சிரிக்கவும் செய்தேன். ஃபிளாஷ் அடித்தது.

பிள்ளைகள் கை தட்டி ஆர்ப்பரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் விசில் வரவில்லை. விசில் ஊத வேண்டியவர் என் காலுக்குக் கீழே இருந்தார். அவர் கவசத்துக்குள் கையை விட்டுத் தேடுவது என் பாதத்துக்குத் தெரிந்தது. பிறகு துணியைக் கடித்த வாயோடு முனகினார்: "விசிலு... சட்டப் பையில கீது... சட்ட ஊட்ல கீது..."

அந்த ஆளின் ஒழுங்கைப் பாருங்கள். முதுகில் ஒருவன் கால் வைத்திருக்கிறான், ஊரே பார்க்கிறது, அப்போதும் விசில் இல்லாமல் அவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை நேரம் அப்படியே கிடந்தோம், நின்றோம் என்று தெரியவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து செயலாளரின் குரல் மட்டும், காகிதத்தில் இருந்ததை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது: "வெற்றிவேந்தன் சோழன்... நிமிர்ந்து நிற்கும் காட்சி காணீர்..."

முன்வரிசையில் புனிதா எழுந்து நின்றாள். இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்தாள். அடித்தாளே ஒரு சீட்டி! ஏரிக்கு அந்தக் கரையில் மேய்ந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. வயசுப் பெண், அப்பா என் காலடியில் கிடக்க, ஊர் நடுவில் சீட்டியடித்தாள். நான் அதுவரை அவளை ஆசைப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். காதல் வந்தது அந்த நிமிஷத்தில்.

சீட்டி கேட்டதும் இரண்டு சேனையும் கூட்டத்து ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மாணிக்கமும் எழுந்தார், என் கால் அவர் முதுகில் இருக்கும்போதே. நான் மல்லாந்து, கிரீடம் ஒரு பக்கம் வாள் ஒரு பக்கமாக, கரும்புச் சக்கைக் குவியலில் போய் விழுந்தேன். மேஜைக்கு அடியில் செயலாளர் அடுத்த பக்கத்துக்கு வந்திருந்தார். "இதோ! வீழ்ந்தான் பாண்டியன்!" என்றார்.

மாணிக்கம் என் முன்னால் வந்து நின்றார்.

"ட்ரில்லுக்கு வந்தியா நீ?"

"வந்தேன் சார்."

"எட்டு மாசமா உன் பேருக்கு நேரா கையெழுத்து கீது. எட்டு மாசம் உழுந்தவன், இன்னிக்கு இன்னாத்துக்கு உழல?"

உதவிக்குத் திரும்பினேன். என் சேனாதிபதி அன்வர் கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு பூந்தமல்லி திசையில் நழுவிக்கொண்டிருந்தான்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றுபோனது. நான் சாப்பிடவில்லை. புனிதா வீட்டில் அவளைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். ரயிலை விடுவதற்குக்கூட இனிக் காரணம் இல்லை. இது போதாதென்று, ஆவடிக் கடைத்தெருவில் ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில் அந்தப் போட்டோ பெரிதாக வந்துவிட்டது. நான் வாளோடு சிரிக்கிறேன், காலுக்குக் கீழே சோழ மகாராஜா. மாணிக்கம் தினமும் சைக்கிளில் போகிற வழி அது.

ஸ்டுடியோக்காரரிடம் ஓடினேன். "அதை எடுத்துடுங்க அண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"இன்னாத்துக்கு சார்? ஷோக்கா கீது. நாலு பேரு காப்பி கேட்டுக்கீறாங்கோ" என்றார். "ஒண்ணு அந்த ஃபோர்மேன்காரரே வாங்கிகினு போய்ட்டாரு."

போட்டோவைச் சாட்சியாக வைத்து மேலதிகாரியிடம் போகப் போகிறார், வேலையும் போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மாணிக்கம். ஒரு கையில் போட்டோ. இன்னொரு கையில் பூ, பழம், வெற்றிலை பாக்கு.

நான் குப்புற விழப் போனேன். "சும்மா நில்லு" என்றார். அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, பத்து நாளா தூக்கம் இல்ல. எங்க போனாலும் கேக்கறான், 'இன்னா ஃபோர்மேன், எவனோ முதுகுல கால வெச்சிட்டானாமே'ன்னு. நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். வெளியாளு முதுகுல கால வெச்சா அது அவமானம். மருமவன் வெச்சா அது குடும்ப விஷயம். வர்ற தையிலயே முடிச்சிடலாமா?"

"வர்ற தைக்கு ஒரு வருஷம் இருக்கே அண்ணே" என்றாள் அம்மா, பூவையும் பழத்தையும் வாங்கி வைத்துக்கொண்டே.

"ஆமால்ல? அவ்ளோ நாளு தாங்காது. பங்குனி வெச்சிக்கலாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அதுக்கு முன்ன ரெண்டு ட்ரில்லு வருது. மொத வரிசையில நீ உழணும். வெள்ளப் பேன்ட்டோட."

விழுந்தேன். அந்த வெள்ளைப் பேன்ட் அதன் பிறகு வெள்ளையாகவே இல்லை.

கல்யாணத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டிய நேரம் வந்தது. மாணிக்கம் தாம்பாளத்தோடும் சொம்போடும் என் எதிரே உட்கார்ந்தார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் போரில் இருந்தவர்கள். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"குடு மாப்ள, வெக்கப்படாத. எனக்குப் பழக்கமான காலுதான்."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அன்வர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். புனிதா மணவறை என்றும் பாராமல் குலுங்கினாள். மாணிக்கமும் சிரித்தார். அவருக்கு அவ்வளவு நல்ல சிரிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் போட்டோ இன்னும் என் மாமனார் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும், காபிக்கு முன்னால் அந்தக் கதை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் மகளுக்குக் கல்யாணம். இந்த முறை தாம்பாளத்தோடு உட்கார வேண்டியவன் நான். மருமகனின் காலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்து, எண்பதைத் தொட்ட என் மாமனார் தோளைத் தட்டினார்.

"நல்லாத் தேச்சிக் கழுவு மாப்ள. நாளிக்கு இது எங்க ஏறும்னு தெரியாது."