வாசலில் நிறுத்தப்பட்ட குஞ்சுப் பெட்டி குறித்து

நவம்பர் 8, சனிக்கிழமை. மாலை நான்கு இருபது. எங்கள் மாடியில் உயிரோடு இருக்கும் குஞ்சுகள்: ஐம்பத்தெட்டு. நோயுற்றவை: இல்லை.

பெருமதிப்புக்குரிய ஹாஜ் மித்வல்லி மாமா அவர்களுக்கு, மறைந்த அப்துல் ஹஃபீளின் மகன் ஹுஸாம் சலாம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் மாமியும் உங்கள் மகள் நிஹாலும் உங்கள் அக்கா ஸக்கிய்யாவும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறோம். முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அம்மா சொன்னார். முதல் வரியில் எண்ணிக்கையை எழுதிவிட்டேன், ஆய்வகப் பழக்கம். ஆகவே இங்கே கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை மாலை நீங்கள் அன்போடு கொண்டுவந்த குஞ்சுப் பெட்டியை என் வீட்டு வாசலில் கை நீட்டி மறித்தேன். கை நீட்டியது தவறு. மறித்தது தவறில்லை. அதை விளக்கத்தான் மீதிக் கடிதம்.

நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் உங்கள் அக்கா ஊருக்குள் வேறு விதமாகச் சொல்லி வருகிறார். நான் பெட்டியைத் தெருவில் வீசினேன் என்று ரொட்டிக்கடை வரிசையில் சொன்னாராம். பெண்ணுக்கு நோய் என்று நான் சொன்னதாக மாவு மில்லில் சொன்னாராம். நான் தீவன ஆலையில் சோதனைக்கூடப் பொறியாளன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் அம்மாவிடம் நாற்பது கோழிகள் இருந்தன. சித்தி மனம் நோகக் கூடாதென்று சித்தியிடம் கொஞ்சம், பக்கத்து வீட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அவர்களிடம் கொஞ்சம், மீதி சந்தையில் என்று வாங்கியவை. யார் மனமும் நோகாமல் வாங்கினார், ஆகவே எல்லார் வீட்டு நோயும் வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, நாற்பதும் போயின. கண் பட்டுவிட்டது என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தங்கள் மாடியில் நடந்த அதே செருப்போடு எங்கள் மாடியில் ஏறி நின்று அழுதுவிட்டு, அதே செருப்போடு தங்கள் மாடிக்குத் திரும்பினார்கள். அடுத்த வாரம் அவர்கள் கோழிகளும் போயின. அதற்குத் துக்கம் விசாரிக்க அம்மா போனார். இன்னொரு முறை இப்படி நடந்தால் கூண்டையே விறகாக்கிவிடுவேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். மாமா, அப்பா போன பிறகு இந்த வீடு என் சம்பளத்தில் எழவில்லை. அம்மா விற்ற முட்டையில் எழுந்தது, நீங்கள் தட்டிப் பார்த்த தரை ஓடுகள் உட்பட. எனவே எங்கே குஞ்சு வாங்குவது என்று இந்த முறை நான் தீர்மானிப்பதாகச் சொல்லிப் புறப்பட்டேன்.

முதலில் திங்கள் சந்தை. ஒரு பெண்மணி முக்காட்டுக்குள்ளிருந்து குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “என்ன தடுப்பு மருந்து குடுத்தீங்க?” என்றேன். “ஓதி ஊதியிருக்கேன். கண்ணு படாது.” “போன வாரம் எத்தன இருந்துச்சு?” “நூறு.” “மிச்சம் வித்துப் போச்சா?” “போனதப் பத்தி உனக்கு எதுக்குப்பா, இருக்கறதப் பாரு. நீ வாங்க வந்தியா, விசாரணைக்கு வந்தியா?” ஒரு வீட்டில் ஒரு கோழி தலை தொங்கினால் மறுநாள் காலை அந்த வீட்டின் மற்ற கோழிகள் எல்லாம் சந்தையில் இருக்கும் என்பது நம் ஊரில் தெரியாதவர் இல்லை. தெரிந்தும் அங்கேதான் வாங்குகிறோம், ஏனென்றால் மலிவு. ஏன் மலிவு என்று கேட்பது மரியாதையில்லை.

அடுத்து நகரத்தில் ஒரு தீவனக் கடை. சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ். “இது குடுத்து நாலு வருஷம் ஆச்சே,” என்றேன். “ஆமா சார்.” “குஞ்சு பொரிச்சு நாலு நாள்தான ஆச்சு?” கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “சான்றிதழ் பழசாக ஆகத்தான் சார் மதிப்பு.”

மூன்றாவதாக உங்கள் பொரிப்பகத்துக்கு வந்தேன் மாமா. இது செப்டம்பரில், நாம் சம்பந்தம் பேசுவதற்கு முன்பு. வாசலில் நீல மணியும் பழைய குழந்தைச் செருப்பும் கண்ணேறுக்காகத் தொங்கின. வருகிறவர் கால் நனைக்க மருந்துத் தண்ணீர் இல்லை. நீங்கள் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். மேசையில் நிஹால் இருந்தார். முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “ஊரு பூரா இருந்து.” “தாய்க்கோழிங்களுக்கு ரத்தப் பரிசோதன பண்ணிருக்கா?” “முட்ட கொண்டு வர்ற பொம்பளைங்களுக்கே இதுவரைக்கும் யாரும் பண்ணதில்ல.” “நீங்களா இருந்தா இங்க வாங்குவீங்களா?” “நான் விக்கறவ. அத வாங்கறவங்ககிட்ட கேக்கணும்.” “நான்தான வாங்க வந்திருக்கேன்.” “அப்ப உங்ககிட்டயே கேளுங்க.” கேட்டுப் பார்த்தேன். அந்த நேரம் உங்கள் ஒலிபெருக்கி வண்டி சந்தையிலிருந்து திரும்பியது. விற்காத குஞ்சுகளை ஓட்டுநர் காலையில் பொரித்தவற்றோடு ஒரே பெட்டியில் கொட்டினார். தடுப்பு மருந்துப் புட்டி வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டாமா என்றேன். “அங்க வெச்சா மறந்துடும் சார், இங்கன்னா கண்ணு முன்னாடி இருக்கும்,” என்றார். அன்று அங்கிருந்து கிளம்பும்போது இரண்டு முடிவுகள் எடுத்திருந்தேன். குஞ்சு வாங்குவதில்லை. பெண் கேட்பது.

குஞ்சு கடைசியில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் கிடைத்தது. நம் பயூமிக் கோழிதான், வெயிலும் நோயும் தாங்குவது. தாய்க்கோழிகளை அவர்களே வளர்க்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், பொரித்த அன்றே கழுத்துத் தோலில் ஊசி போடுகிறார்கள். உரிமையாளர் என்னை உள்ளே விடவில்லை. சுவர் ஓட்டை வழியாகப் பேசினார். “தூரமா நில்லு. உங்க வீட்டுல கோழி இருக்கா? செத்துச்சா? அப்ப இன்னும் தூரமா நில்லு.” என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு அழகாக அவமதித்ததில்லை. மூன்று வாரம் காத்திருந்து அறுபது வாங்கினேன். வழியில் நெரிசலில் இரண்டு போயின. அது என் தவறு, பெட்டியில் துளை போதாது.

இனி வியாழக்கிழமை. நிஹால் வாழப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் நால்வரும் வந்தீர்கள். நியாயம். நீங்கள் ஒவ்வொரு தரை ஓட்டையும் விரல் முட்டியால் தட்டினீர்கள். மாமி சமையலறை ஜன்னலைச் சாண் போட்டு அளந்தார். உங்கள் அக்கா எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, கழிப்பறைக் கதவு ஏன் உள்பக்கம் திறக்கிறது என்று கேட்டார், பதில் சொன்னேன், திருப்தியில்லை என்றார். பரவாயில்லை. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் வீட்டைச் சோதிப்பது முறை. யாரும் கோபப்படவில்லை. தேநீர் குடித்தோம். ஃபாத்திஹா ஓதிப் பேச்சை உறுதி செய்துவிடலாம் என்று அம்மா தொண்டையைச் செருமினார். அப்போதுதான் நீங்கள் கீழே போய் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னீர்கள். “சம்பந்தியம்மா மாடி வெறுமையா இருக்கக் கூடாது. நம்ம பொண்ணு வர்ற நேரம், கலர் கலரா ஓடட்டும்.” ஐம்பது குஞ்சு, பாதி பச்சை, பாதி ரோஜா நிறம்.

நான் கை நீட்டினேன். “மாமா, பெட்டி வாசலத் தாண்ட வேண்டாம்.” “ஏன் மாப்ள, பாரமா? வண்டிக்காரன் தூக்குவான்.” “மேல அம்பத்தெட்டு இருக்கு. எல்லாம் ஒரே எடத்துக் குஞ்சு. இத அதோட சேக்க முடியாது.” “எங்க வாங்கின?” நான் பண்ணையின் பெயரைச் சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்கலாம் என்கிறார் அம்மா. கைக்குட்டையை நனைத்து ஒரு பச்சைக் குஞ்சைத் துடைத்தேன். சாயத்துக்கு அடியில், பின்பக்கம் வெள்ளைக் கழிச்சல் காய்ந்து அடைத்திருந்தது. காட்டினேன். உங்கள் அக்கா மாமியிடம், “பாத்தியாடி, இன்னைக்குக் குஞ்சக் குளிப்பாட்டறான், நாளைக்கு நம்ம பொண்ணையும் மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லுவான்,” என்றார். நான் சமாதானமாக, “இல்லைங்க, அவங்க மொகத்துல சாயமே இல்ல, எனக்குத் தெரியும்,” என்றேன். அன்று நிஹாலுக்கு ஒப்பனை செய்ய நகரத்திலிருந்து ஆள் வந்து மூன்று மணி நேரம் பாடுபட்டிருந்தார் என்பது எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் சொன்னது இது: “முப்பது வருஷமா இந்த ஊருக்கே குஞ்சு குடுக்கறேன். என் குஞ்சு வாசல்லயே நிக்கணும்னா, என் பொண்ணு எப்படி எஞ்சினியரே உள்ள வரும்?” இதற்கு நான் சொன்ன பதிலை எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். ஆனால் பதிவு என்றால் முழுதாக இருக்க வேண்டும். “பொண்ணு வரலாம் மாமா, அவங்கள நான் நேர்ல பாத்துச் சரின்னு முடிவு பண்ணிட்டேன். குஞ்சையும் பாத்துதான் வேண்டாங்கறேன்.” நீங்கள் என் தரை ஓட்டைத் தட்டினீர்கள், நான் உங்கள் குஞ்சைத் துடைத்தேன். இரண்டும் ஒரே வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். நீங்கள் பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். நிஹால் மட்டும் படியில் திரும்பிப் பார்த்தார். சிரித்தாரா, முறைத்தாரா என்று வெளிச்சக் குறைவால் நிச்சயமாகச் சொல்ல இயலாது. இந்த இரண்டு நாளாக நான் தூங்காததற்குக் காரணம் அதுதான், குஞ்சுகள் அல்ல.

பெட்டியை நான் கீழ்த்தளச் சாமான் அறையில் தனியாக வைத்திருக்கிறேன். தனித் தீனி, தனித் தண்ணீர், உள்ளே போக எனக்குத் தனிச் செருப்பு. நேற்று மூன்று போயின, இன்று காலை நான்கு. குறை சொல்ல எழுதவில்லை. எனக்கு நிஹாலும் வேண்டும், அம்மாவின் கோழிகளும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே உங்கள் பெட்டி நிற்கிறது. அதை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு என்னைத் திட்டிவிட்டு, ஃபாத்திஹாவுக்கு ஒரு நாள் சொல்ல வேண்டும். விட்டுக்கொடுப்பதற்கு என்னிடம் கழிப்பறைக் கதவு இருக்கிறது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றித் தருகிறேன்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் வீட்டிலும் பொரிப்பகத்திலும் பரக்கத்தையும் பெருக்கட்டும், குறிப்பாகப் பொரிப்பகத்தில், அங்கே தேவை அதிகம். மாமிக்கு என் சலாம். உங்கள் அக்காவுக்கும் சலாம், அவர் ஏற்றுக்கொண்டால்.

உங்கள் மருமகனாக விரும்பும்,
ஹுஸாம்

பின்குறிப்பு: மணி ஆறு பத்து. கடிதத்தை மடிக்கும்போது மாடியில் குஞ்சுச் சத்தம் அதிகமாகக் கேட்டது. ஏறிப் பார்த்தேன். பல்பு வெளிச்சத்தில் பச்சையும் ரோஜாவும் என் ஐம்பத்தெட்டும் ஒரே தட்டில் தீனி கொத்திக்கொண்டிருந்தன. அம்மா நடுவில் உட்கார்ந்து தவிடு தூவிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்ணீங்க?”

“சம்பந்தி எட்டு மணிக்கு வர்றாரு. வாத்து அடுப்புல வேகுது. அவர் குடுத்தது இருட்டு ரூம்ல கெடந்தா அந்த மனுஷன் என்ன நெனப்பாரு?”

“யாரு வரச் சொன்னா?”

“உன் பொண்டாட்டியாகப் போறவ. அவகிட்டயே கேளு,” என்று தொலைபேசியை நீட்டினார்.

நிஹால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அப்பாவ வர வெச்சதும் நான்தான், குஞ்ச மேல ஏத்தச் சொன்னதும் நான்தான். அப்பா மாடி ஏறிப் பாப்பாரு. தன் குஞ்சு அங்க ஓடலேன்னா ஃபாத்திஹா கெடையாது. நீங்க நோய் தாங்கற குஞ்சுன்னுதான ரெண்டு மாசம் தேடி வாங்குனீங்க? இப்ப தாங்கட்டும்.”

மாமா, முட்டை வழியாக வரும் கிருமிக்குத் தடுப்பூசி வேலை செய்யாது என்ற பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. தெரிந்த பதிலை நான் சொல்லாமல் விடுவது இதுவே முதல் தடவை. அம்மா எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

ஆகவே மேலே எழுதியபடி தனி அறை, தனிச் செருப்பு, ஒரே இடத்துக் குஞ்சு எல்லாம் முடிந்தது. இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்கு வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். யார் செருப்பையும் பார்க்க மாட்டேன்.

2. நீங்கள் மாடி ஏறும்போது உங்கள் குஞ்சுகள் முன்னால் வரும்படி தீனி போடுவேன். ஏன் குறைகிறது என்று கேட்டால், பூனை என்று அம்மா சொல்வார். நான் தலையாட்டுவேன்.

3. ஃபாத்திஹா முடியும்வரை வானிலை, பருத்தி விலை, உங்கள் அக்காவின் முழங்கால் வலி ஆகியவை பற்றி மட்டும் பேசுவேன்.

4. நீங்கள் கிளம்பியதும் நிறம் பார்த்துப் பிரித்துக் கீழே இறக்குவேன். சாயம் பூசியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன்.

5. திங்கட்கிழமை உங்கள் வண்டிக்காரருக்கு ஒரு குளிர்ப்பெட்டி வாங்கித் தருவேன். கல்யாணப் பரிசு என்று சொல்லிக்கொள்ளலாம்.

6. இந்தக் கடிதத்தை ஃபாத்திஹாவுக்கு முன்பு நிஹாலிடம் கொடுப்பேன். உங்கள் கையில் தருவதா, வாத்துக்கு அடியில் அடுப்பில் வைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அடுப்பு எட்டரை வரை எரியும்.