சுக்கான் அயர்லாந்து போன சரித்திரம்

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, தங்கச்சிமடம் ரெக்ஸ் பிரடெரிக் அவர்களைப் போன்ற ஜீவகாருண்ய சீலர் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறப்பதற்கும் வாய்ப்புக் குறைவு. மகான்கள் மனிதர்களை நேசித்தார்கள். அதில் ஒரு சிரமமும் கிடையாது. மனிதர்களுக்கு வாய் இருக்கிறது, வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்கள். வாயில்லா ஜீவனின் மனதைப் படித்து, அதற்காகப் படிவம் நிரப்பி, மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கெசட்டட் அதிகாரியின் கையெழுத்து வாங்குவதற்குத்தான் தனி இதயம் வேண்டும். ரெக்ஸ் அவர்களிடம் அந்த இதயம் இருந்தது. லேமினேட் செய்யாதது ஒன்றுதான் குறை.

இந்தப் பெருமையை உணர வேண்டிய முதல் ஆள் அவரைப் பெற்ற ஜோதிமேரி. ஆனால் அவளுக்கு அதற்கு நேரமில்லை. ஐம்பத்தேழு வயதிலும் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள் அவள். காலையில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் உச்சிவெயிலுக்குத்தான் கரையேறுவாள். அதுவரை அவளுடைய தூக்குவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் நாயின் பெயர் சுக்கான். கணவர் பிரடெரிக் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் அவள் கரையேறும்போது எழுந்து நின்றது அந்த நாய் ஒன்றுதான்.

ஏழு வருடங்களுக்கு முன் சுக்கானைக் குட்டியாக வாங்கி வந்தவர் ரெக்ஸ். விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டவரும் ரெக்ஸ். சாளை மீனை அவித்து, முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து தினம் இரண்டு வேளை வைத்தவள் ஜோதிமேரி. இதில் எது கஷ்டமான வேலை என்று இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரெக்ஸின் மனைவி லிண்டாவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. ரெக்ஸும் கூடப் போவதாக முடிவாயிற்று. உடனே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டு ஹாலில் உயர்மட்டக் குழுக் கூட்டம் கூட்டப்பட்டது. நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்: ‘சுக்கானின் எதிர்காலம்’. சிறப்பு அழைப்பாளராக ரெக்ஸின் தாய்மாமனும் விசைப்படகு உரிமையாளருமான சவேரியார் கலந்துகொண்டார்.

“இதுக்கு எதுக்கு மாப்ள கூட்டம்? எங்கிட்ட விட்டுட்டுப் போ. போட்டுல காவலுக்குக் கெடக்கட்டும்,” என்றார் சவேரியார்.

லிண்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “சித்தப்பா, அது நாய் இல்ல. எங்க புள்ள.”

“புள்ளைன்னா இன்னும் நல்லதாப் போச்சு. போட்டுக்கு ஆளே கெடைக்க மாட்டேங்குது.”

இந்தக் கருத்து அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் டீயோடு வந்த ஜோதிமேரி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “நான் ஒருத்தி இருக்கேன்ல. நான் பாத்துக்கிற மாட்டனா?” என்று கேட்டாள்.

ரெக்ஸ் அவளைக் கனிவோடு பார்த்தார். “நீ பாசிக்குப் போயிட்டா அது தனியாக் கெடக்கும்மா. டாக்டர் சொல்லிருக்காரு. அதுக்கு ‘செபரேஷன் ஆங்சைட்டி’ வந்துரும்.”

“அது எத்தன நாளுக் காய்ச்சல்லே?”

“காய்ச்சல் இல்லம்மா. பாசம் வச்சவுங்க விட்டுட்டுப் போயிட்டா வாற நோவு. சோறு எறங்காது. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். அதுலயும் வயசான காலத்துல வந்துச்சுன்னா தாங்கவே தாங்காது.”

நோயின் அறிகுறிகளை மகன் இத்தனை தெளிவாகச் சொன்னதும் ஜோதிமேரி, அடுத்த வார்த்தை தன்னைப் பற்றித்தான் வரும் என்று நினைத்தாள். தட்டைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள். ரெக்ஸ் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“சீனி கம்மிம்மா,” என்றார்.

சுக்கானை அழைத்துச் செல்வதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜோதிமேரியிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு டீ கொண்டுவருபவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பது உலகம் முழுக்க உள்ள மரபு. அவள் அடுப்படிக்குப் போய்ச் சீனி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். ஈரச் சேலையோடு கரையேறி, நாய்கூட இல்லாத வீட்டுக்கு நடந்து போவதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளையும் அழைத்துப் போனால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சட்டச்சிக்கல். ஆதார் அட்டையில் அவள் ‘ஜோதிமேரி’. வாக்காளர் அட்டையில் ‘ஜோதி மேரி’. நடுவில் இருக்கும் அந்த ஒரு இடைவெளியைச் சரிசெய்தால்தான் பாஸ்போர்ட் எடுக்க முடியும் என்று ரெக்ஸ் நான்கு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘அடுத்த மாசம் பாப்பம்மா’ என்பார். மாதங்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

சுக்கானின் வேலையை முடித்துக் கொடுக்கக் கீழக்கரை காஜா நவாஸ் அமர்த்தப்பட்டார். முப்பது வருடமாக மனிதர்களை வளைகுடாவுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட். நாயை அனுப்புவது இதுவே முதல்முறை. ஜோதிமேரி இல்லாமல் சுக்கான் வண்டியில் ஏற மறுத்ததால் அவளும் போக வேண்டியதாயிற்று, வழித்துணைக்குச் சவேரியார்.

“வாங்க, வாங்க. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு உக்காந்துருக்கேன். அது மூக்கு மட்டும் எம்மேல படாமப் பாத்துக்கங்க. மத்ததெல்லாம் இன்ஷா அல்லாஹ் முடிச்சிரலாம்,” என்ற காஜா நவாஸ் படிவத்தைப் பிரித்தார். “பேரு?”

“சுக்கான்.”

“தகப்பனார்?”

“டாடின்னா நாந்தான் பாய். ரெக்ஸ்னு எழுதுங்க.”

காஜா நவாஸ் இரண்டு முகங்களையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். “பத்தாவது பாஸா?”

“பாய்!”

“கோவிச்சுக்கிறாதீங்க தம்பி. முப்பது வருசமாக் கேட்டுக் கேட்டு வாயில வந்துருது. என்ன எனம்?”

“மண்டை. நம்ம ராமநாதபுரத்து மண்டை நாய்.”

“நான் எடை போடணும்ல. மண்டை மட்டும் போகுதா, முழு நாயுமா?”

முழு நாயும் என்று லிண்டா உறுதிமொழி அளித்தாள்.

“இதுக்கு முன்ன வெளிநாடு எதும் போயிருக்கா?”

சவேரியார் தொண்டையைச் செருமினார். “போன வருசம் எஞ்சின் நின்டு போயி, காத்து தள்ளி, எல்லை தாண்டி ரெண்டு நாளு அந்தக் கரையில ஒதுங்கிக் கெடந்தம். இதுவும் போட்டுல இருந்துச்சு. அதையும் சொல்லணுமா?”

காஜா நவாஸ் பேனாவை மூடினார். “அதக் கடலோட விட்டுருங்கண்ணே,” என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் போர்க்கால அடிப்படையில்தான். சுக்கானின் தோலுக்கடியில் சிப் வைக்கப்பட்டது. சுக்கானின் ரத்தம் பரிசோதனைக்காக வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் பறந்தது; அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக விமானம் ஏறியது அந்த ரத்தம்தான். தடுப்பூசிப் புத்தகத்தில் பெயர் ‘சுக்கன்’ என்று இருப்பதை ஒரு நாள் ரெக்ஸ் கண்டுபிடித்தார். நாலு கால் உள்ள ஜீவனுக்குத் துணைக்கால் ஒன்று குறைவதா என்று பதறிப்போய், ஆபீசுக்கு விடுப்புப் போட்டு, அன்று மாலைக்குள் திருத்தி வாங்கிவிட்டார். ஜோதிக்கும் மேரிக்கும் நடுவிலிருந்த இடைவெளிக்கு அந்த வாரமும் விடுப்புக் கிடைக்கவில்லை.

பயணக் கூண்டு செய்யும் பொறுப்பு படகு கட்டும் வீரபத்திரனுக்குப் போனது. அவர் பத்தே நாளில் ஃபைபரில் ஒன்றைச் செய்து, நீலப் பெயின்ட் அடித்து, பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் ஒரு பதிவு எண்ணும் எழுதி இறக்கினார்.

“தட்டிப் பாரு தம்பி. நடுக்கடல்ல போட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்காது.”

“காத்து?” என்று கேட்டார் ரெக்ஸ்.

வீரபத்திரன் யோசித்தார். “காத்து வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே.”

பிறகு ஓட்டை போட்டுக் கொடுத்தார். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு பூசையில் ‘ரெக்ஸ், லிண்டா, சுக்கான் ஆகியோரின் பயணம் இனிதாக அமைய’ மன்றாட்டு வாசிக்கப்பட்டது. குழந்தை எப்போது பிறந்தது என்று வெளியே வந்து நான்கைந்து பேர் ஜோதிமேரியிடம் விசாரித்தார்கள். அவள் ஏழு வருடம் ஆகிறது என்றாள்.

புறப்படும் நாளில் வாசலில் வேன் நின்றது. சுக்கான் கூண்டுக்குள் போகவில்லை. ரெக்ஸ் ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தார். லிண்டா பிஸ்கட்டைக் காட்டினாள். சவேரியார் பின்னால் நின்று தள்ளினார். கடைசியில் ஜோதிமேரி தன்னுடைய பழைய சேலையை உள்ளே விரித்து, தலையையும் உள்ளே விட்டு, “வா ராசா” என்றாள். சுக்கான் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் அவள் கைதான். அவளுக்கு அப்போது அடக்க முடியாமல் அழுகை வந்தது.

ரெக்ஸ் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். “அழாதம்மா,” என்றார். “அதுக்கு ஸ்ட்ரெஸ் ஆகும்.”

இப்படிப்பட்ட மகனைப் பெற ஒரு தாய் எத்தனை கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

அயர்லாந்து போன பிறகு ரெக்ஸ் வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் வந்தார். சோபாவைக் காட்டினார், புல்லைக் காட்டினார், மழையைக் காட்டினார். சுக்கானைக் காட்டச் சொன்னால் ‘தூங்குதும்மா’ என்றார். ஜோதிமேரி கரையேறி வந்து, பழக்கத்தில் சாளையை அவித்து முள் எடுத்து வைத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அவளுக்குச் சிப் எதுவும் வைத்திருக்கவில்லை என்பதால் இந்த விவரம் எங்கேயும் பதிவாகவில்லை.

ஆறாவது வாரம் ரெக்ஸ் அழுதுகொண்டே வந்தார்.

“அம்மா, சுக்கான் சாப்புட மாட்டேங்குதும்மா. பாலு மட்டும் ரெண்டு மடக்குக் குடிக்குது. எலும்பும் தோலுமாப் போச்சு. நாய்களுக்குன்னே மனநல ஆலோசகர் இங்க இருக்காங்க, அவுங்களக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். ஒரு மணி நேரம் தரையில அது கூடயே உக்காந்து பாத்துட்டு, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, இது ஆரையோ தேடுதுன்னுட்டாங்க.”

“ஆரத் தேடுதாம்?”

“ஒன்னத்தாம்மா.”

ஜோதிமேரி போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். “வேற ஆரும் தேடலயாலே?”

“லிண்டாவுக்கு டூட்டிம்மா,” என்றார் ரெக்ஸ்.

மறுநாளே வேலை தொடங்கியது. ‘ஜோதிமேரி’யும் ‘ஜோதி மேரி’யும் ஒரே ஆள்தான் என்று உறுதி ஆவணம் தயாரானது. காஜா நவாஸே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனார். நான்கு வருடமாக ஆகாத பாஸ்போர்ட் பதினோராம் நாள் தபாலில் வந்தது. ரெக்ஸ் அவர்கள் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் எப்படி முடிப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விசாவுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. சவேரியார் துணைக்கு வந்து வாசலில் நின்றுகொண்டார். உள்ளே போவதற்கு முன்னால் ரெக்ஸ் போனில் எச்சரித்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. ஆனா பொய் மட்டும் சொல்லிராத. அவுங்களுக்குப் பொய்யே ஆகாது.”

“நான் எதுக்குலே பொய் சொல்றேன்?” என்றாள் ஜோதிமேரி.

கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல பெண்ணாகத் தெரிந்தாள். சிரித்த முகம். காகிதங்களைப் புரட்டியபடி தமிழிலேயே கேட்டாள்.

“எதுக்காகம்மா அயர்லாந்து போறீங்க?”

“சாப்பாடு குடுக்கப் போறேம்மா. நான் குடுத்தாத்தான் எறங்குமாம்.”

“அடடா, மகனுக்கு உங்க கைச்சாப்பாடு இல்லாம முடியலையா?”

“அவன் நல்லாத்தாம்மா சாப்புடுறான்.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அழைப்புக் கடிதத்தை எடுத்து, அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். “இது மகனோட கையெழுத்துதானே? அவர்தானே உங்களக் கூப்பிட்டிருக்கார்?”

ஜோதிமேரி அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது.

“கையெழுத்துப் போட்டது மகன்தாம்மா,” என்றாள். “கூப்புட்டது நாயி.”