மூன்றாம் மாடி விமான நிலையம்

மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டது ஒன்றும் பெரிய சாதனை இல்லை, காக்கைகூடப் பறக்கிறது. பறப்பதை 'நிர்வகிக்க'க் கற்றுக்கொண்டானே, அங்கேதான் நாகரிகம் தொடங்குகிறது. சேர்க்கை நாளன்று பெற்றோர் முன்னால் தன்னைப் பேசச் சொன்னால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி அவள் படியேறினாள். விமான மேலாண்மை இளங்கலை, மூன்றாம் ஆண்டு. துறை இருந்ததும் மூன்றாம் மாடியில்தான். லிஃப்ட் கிடையாது. உயரப் போகிறவர்கள் உழைத்துத்தான் போக வேண்டும் என்பது துறை இயக்குநரின் கொள்கை.

அந்த மாடியின் பெருமை சொல்லி மாளாது. பழைய சொகுசுப் பேருந்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இருபத்துநான்கு இருக்கைகள் அங்கே உண்டு. அது 'விமான உட்புற ஆய்வகம்'. நடைவழியின் தரையில் வெள்ளை நாடா ஒட்டியிருக்கும், அது 'ஓடுபாதை'. அதில் செருப்புக் காலோடு நடந்தால் வருகைப்பதிவில் அரை நாள் போய்விடும். சுவரில் ஐந்து கடிகாரங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு தூர தேசத்து நகரத்தின் பெயர். ஐந்தும் ஒரே நேரத்தைக் காட்டின. ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஐந்தும் ஐந்து விதமாக ஓடுவதைக் கண்டு மனம் பொறுக்காத அலுவலக உதவியாளர், ஒருநாள் நாற்காலி போட்டு ஏறிவிட்டார்.

"எல்லாம் கண்டபடி ஓடிட்டு இருந்துச்சும்மா. என் கைக்கடிகாரத்தப் பாத்து சரி பண்ணி விட்டுட்டேன்."

இயக்குநர் அவரைக் கூட்டத்தில் பாராட்டினார். கடிகாரங்களை மாற்றச் சொல்லவில்லை.

வியாழன் தோறும் 'அவசர வெளியேற்றம்' செய்முறை வகுப்பு. விமானம் தீப்பிடித்துவிட்டதாகப் பாவித்து, மாணவிகள் உடைமைகளைத் துறந்து, மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி, தரைத்தளத்து டயர் கடை வாசலில் உயிர்பிழைப்பார்கள். அந்தக் கடையில் பில் போடும் அக்கா தலை நிமிராமல் விசாரிப்பார்.

"இன்னைக்கும் விழுந்துடுச்சா?"

"ஆமாக்கா."

"சேதம்?"

"ஒருத்தி செருப்பு வாரு அறுந்துடுச்சு."

டயர் அக்கா இந்தத் துறையின் முதல் தங்கப் பதக்கக்காரி. வேலைவாய்ப்புப் பலகையில் நடுநாயகமாக இருப்பது அவர் படம்தான். கீழே 'சக்கரத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணி' என்று எழுதியிருக்கும். அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விமானத்துக்கும் சக்கரம் உண்டு.

அவளுடைய நாற்பத்தைந்து நாள் களப்பயிற்சியை ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு இயக்குநர் கனிவாக விளக்கினார்: "வண்டி வருது, நிக்குது, ஆள இறக்குது, கிளம்புது. விமானம் இதுக்கு மேல என்னம்மா பண்ணுது?" சான்றிதழில் 'தரைச் சேவை' என்று இருந்தது. தரைக்குக் கீழே இரண்டாவது தளம் என்பதை மட்டும் அடக்கம் கருதி விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் தோழிகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளால் மட்டும் முழுசாகச் சிரிக்க முடிந்ததில்லை. காரணம் வெட்கக்கேடானது: அவளுக்கு அந்தப் படிப்பு பிடித்திருந்தது. நூலகத்தில் தப்பித்தவறிக் கிடந்த ஒரு நல்ல புத்தகத்தில், எடையும் சமநிலையும் பற்றிய அத்தியாயத்தை நான்கு முறை படித்திருந்தாள். சரக்கை எங்கே வைத்தால் மூக்கு தாழும், எங்கே வைத்தால் வால் தாழும் என்று தாள் தாளாகக் கணக்குப் போட்டாள். யாரும் கேட்காத கணக்கு. ஏமாந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்வதுகூட அவளுக்குச் சிரமமாக இல்லை. ஏமாந்ததில் பாதி தன் ஆசையும்தான் என்று ஒத்துக்கொள்வதுதான் சிரமமாக இருந்தது.

சேர்க்கை நாளின் முக்கியச் சடங்கு 'முதல் அழைப்பு'. பெற்றோரையும் பிள்ளைகளையும் பேருந்து இருக்கைகளில் அமர்த்தி பெல்ட் போட்டுவிடுவார்கள். சீருடையில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி ஒலிபெருக்கியில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி அழைப்பாள். எல்லோரும் எழுந்து ஓடுபாதை வழியே நடந்து, அந்தக் கோடியில் இருக்கும் மேசையில் விண்ணப்பத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். அழைப்பைக் கேட்ட பிறகு உட்கார்ந்தே இருந்தவர் இதுவரை எவரும் இல்லை. எத்தனை விளம்பரம் செய்தாலும் வராத உறுதி அந்த ஒரு குரலில் வந்துவிடும் என்பதை இயக்குநர் கண்டுபிடித்திருந்தார். அறிவியல் உலகம் இன்னும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

அன்று காலை டயர் அக்கா அவளுடைய சீருடையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கு நீதான் கூப்பிடுறியா?"

"ஆமாக்கா."

"உங்க செட்ட கூப்பிட்டது நான்."

"தெரியும்க்கா. எங்கப்பா எனக்கு முன்னாடி எந்திரிச்சுட்டாரு."

"எல்லாரும்தான் எந்திரிச்சாங்க," என்று சொல்லிவிட்டு டயர் அக்கா பில் புத்தகத்தைத் திருப்பினார்.

மாடியில் இயக்குநர் வாசலிலேயே காத்திருந்தார். ஒரு சரக்கு விமான நிறுவனத்தில், எடைக் கணக்குப் பிரிவில், ஒரே ஒரு பயிற்சியிடம் வந்திருந்தது. துறையின் பரிந்துரைக் கடிதம் இருந்தால்தான் நேர்முகத் தேர்வு. கடிதம் அவருடைய சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"தயாரா இருக்கும்மா. அழைப்பு முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

இரண்டாவது வரிசையில் அவளுடைய சித்தி பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சித்தி மகள், மடியில் மதிப்பெண் பட்டியலோடு.

"அடி பாப்பா! இந்தச் சட்டையில அப்படியே விமானத்துலேருந்து இறங்கி வந்தவ மாதிரி இருக்க!" என்று சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளப் பாரு, கணக்குதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நான் சொல்லிட்டேன். அக்கா கூப்பிட்டா எந்திரி, அவ வாயால வரட்டும்னு."

தங்கை குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அக்கா, நெசமா சொல்லு. நீ ஏரோப்ளேன் பக்கத்துல போயிருக்கியா?"

"ஒரு தடவ. காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம்."

"எவ்ளோ நேரம்?"

"நாலு நிமிஷம். பஸ்ஸ மெதுவா ஓட்டச் சொன்னாங்க."

"பாத்தியா, போயிருக்கா!" என்றாள் சித்தி வெற்றியோடு.

இயக்குநரின் உரை தொடங்கியது. வானம், எல்லை, சிறகு ஆகிய மூன்றும் அதில் பலமுறை வந்தன. பெற்றோர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உரை முடிந்து ஒலிபெருக்கி அவள் கைக்கு வந்தது. கூடவே அழைப்பு வாசகம் அச்சிட்ட அட்டை. அது அவளுக்கு மனப்பாடம். மூன்று வருஷத்துக்கு முன் கேட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்ததும் ஞாபகம் இருந்தது. அந்தச் சிலிர்ப்பில் பொய் இல்லை. அதனால்தான் இப்போது பயமாக இருந்தது. தங்கையின் விரல்கள் பெல்ட் கொக்கியின்மேல் இருந்தன. அவள் இன்னும் அதை விடுவிக்கவில்லை. சித்தி விடுவித்தாகிவிட்டது.

அவள் ஒலிபெருக்கியை அணைத்து இயக்குநரிடம் நீட்டினாள்.

"என்னால கூப்பிட முடியாது சார்."

"என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா?"

"இல்ல சார். தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"கூட்டத்தப் பாத்து பயமா?"

"அதுவும் இல்ல."

இயக்குநர் சபைக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து பல்லிடுக்கில் பேசினார். "கடிதம் என் பையில இருக்கு. மறந்துட்டியா?"

"மறக்கல சார். எனக்கு அது ரொம்ப வேணும்."

"அப்ப ஒரே ஒரு வரிதானம்மா. சொல்லிட்டுப் போயேன்."

முன்வரிசையில் ஓர் அப்பா அழைப்பு வருவதற்கு முன்பே பாதி எழுந்து, முழங்கால் மடங்கியபடி, இருப்பதா போவதா என்று நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு, மாணவி ஆசிரியரிடம் பேச வேண்டிய மரியாதை ஒரு சொல்லிலும் குறையாமல் சொன்னாள்:

"விமானம் வந்து நிக்காம பயணிங்களக் கூப்பிடக் கூடாது சார். ரெண்டாம் வருஷம் நீங்கதான் நடத்துனீங்க."