அப்பாவின் முட்டிக்கு வந்த மாத்திரை

மதிப்பிற்குரிய பெரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகனின் வணக்கம். நீங்களும் மாமாவும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன், நலமில்லையென்றால் மன்னிக்கவும்.

நேற்று உங்கள் பார்சல் வந்தது. துண்டு நன்றாக இருக்கிறது. துண்டின் மடிப்புக்குள் இரண்டு அட்டை வலி மாத்திரை, கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "முட்டிவலிக்குக் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எனக்கு நல்லா கேட்டுச்சு. அந்தப் பய கண்ணுல படாம வச்சுக்கோ." அந்தப் பயல் நான்தான். பட்டுவிட்டது.

அத்தை, எடை குறைய ஆபரேஷன் செய்து அப்பாவின் இரைப்பையைச் சுருக்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதில் இந்த வகை வலி மாத்திரை விழுந்தால் புண்ணாகும், ரத்தம் கசியும் என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். முன்பெல்லாம் ஆறு மாத்திரையை உள்ளங்கையில் அள்ளி ஒரே மடக்கில் விழுங்குவாரே, அந்த வித்தையெல்லாம் முடிந்தது. இப்போது ஒவ்வொன்றாக, மிடறு மிடறாக. சுண்ணாம்புச்சத்துக்கும் இரும்புச்சத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம். நான் வேலைக்குப் போய்விடுவதால் அம்மாவின் போனில் ஒன்பது அலாரம் வைத்திருக்கிறேன். அடித்ததும் அம்மா சமையலறையிலிருந்து மாடியிலிருக்கும் அப்பாவிடம் ஓடுகிறாள். ஏற்பாடு கச்சிதம்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆரம்பத்தில் சில மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரே சுற்றுச் சுற்றினேன். அதில் பிரஷர் மாத்திரை மெதுவாகக் கரைகிற வகை. கொஞ்ச நேரத்தில் அப்பா, "டேய், செவுரு ஏன்டா நடக்குது?" என்றார். பதறி மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போட்டேன். "மொதல்ல அவரப் படுக்க வச்சு டாக்டரக் கூப்புடுங்க! பொடிக்கக் கூடாதுன்னு அட்டைலயே போட்டிருக்கே, அது யாருக்கு, மிக்ஸிக்கா?" டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றி, அளவையும் குறைத்தார். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய குளோரினை வாளியோடு கவிழ்க்கக் கூடாது என்று குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பத்துப் பேருக்கு வகுப்பெடுக்கிறவன் நான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவு பட்ட பிறகும் நீங்கள் துண்டுக்குள் கடத்தல் செய்தால் எப்படி? அப்பாவை விசாரித்தேன்.

"எனக்கு முட்டியே வலிக்கலடா! பதினாறு கிலோ எறங்கியிருக்கு, முட்டி எனக்குக் கும்பிடு போடுது."

"பொய் சொல்லாதீங்கப்பா."

"போடா மிக்ஸி."

இனி டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. இரண்டு அட்டையும் பறிமுதல். உங்கள் பாசத்தைத் துண்டாக மட்டும் அனுப்பவும்.

மாமாவுக்கு என் வணக்கம். கோபித்துக்கொண்டாலும் எனக்கு உங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
அந்தப் பயல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "உங்கப்பாவுக்கு யாருடா கேட்டா? தெனம் ஒம்பது தடவ மாடி ஏறுறது யாரு முட்டி? நான்தான் அண்ணிகிட்ட அனுப்பச் சொன்னேன். உன்கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு அலாரம் வைப்ப!" மேலே உங்களைத் திட்டிய வரிகளை எல்லாம் நீங்களே அடித்துக்கொள்ளவும். நாளை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அப்பாவின் கட்டிலைக் கீழே இறக்க நானும் அவரும் முயன்றதில் அது படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அப்பா இப்போதைக்கு அதிலேயே படுத்திருக்கிறார். அம்மாவுக்குப் பாதி மாடி மிச்சம்.